பிரையன் 2: சேர்ந்து வரும் ஸ்பைக்குகளைச் சோதிக்க இந்த சிமுலேட்டர் போதுமா?

மென்பொருள்: பிரையன் 2, நியூரான்களையும் அவை விடும் மின்துடிப்புகளையும் (ஸ்பைக்குகளையும்) கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர். விலை: இல்லை, செசில் என்ற திறந்த உரிமம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். தேவை: பைத்தான், 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப். நம் மதிப்பெண்: சமன்பாடு எழுதும் வசதிக்கு 5க்கு 5, ஒட்டுறவுள்ள, அதாவது ஓரளவு சேர்ந்தே வரும் உள்ளீடு தயாரிக்கும் வசதிக்கு 5க்கு 2.

காட்பாடி, பாகாயம், சேர்க்காடு பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல், பயோமெடிக்கல் புராஜெக்டுக்கு நியூரான் நெட்வொர்க் எடுப்பவர்களை மனதில் வைத்துத்தான் இந்த விமர்சனம். கிளஸ்டர் கிடையாது, ஒரு லேப்டாப், மூன்று மாத அவகாசம் என்ற கணக்கில்தான் பெரும்பாலான புராஜெக்டுகள் நடக்கின்றன. அந்தக் கணக்குக்கு இது பொருத்தமான கருவி. தாளில் எழுதுகிற சமன்பாட்டை அப்படியே எழுதினால் ஓடுகிறது. மில்லிவோல்ட்டையும் மில்லிசெகண்டையும் தவறுதலாகக் கூட்டினால் அலகு பொருந்தவில்லை என்று நிறுத்திவிடுகிறது. ஆனால் ஒட்டுறவு விஷயத்தில் மட்டும் வாயே திறக்காது. ஒரு கட்டளை எழுதினால் உள்ளீடுகளுக்குள் ஒட்டுறவு சுழி. பக்கத்துக் கட்டளையை எழுதினால் நாம் கேட்காமலே பத்து சதவீதம் பொது உள்ளீடு. இரண்டுக்கும் எச்சரிக்கை வராது, கிராஃப் இரண்டிலும் அழகாகத்தான் வரும்.

ஆங்கிலத்தில் மூளை என்ற சொல்லில் இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் போட்டால் பிரையன். டான் குட்மேனும் ரோமான் பிரெட்டும் தொடங்கியது. முதல் பதிப்பைப் பற்றிய கட்டுரை 2008ல் வந்தது, மார்செல் ஸ்டிம்பெர்க் சேர்ந்த பிறகு இரண்டாம் பதிப்பைப் பற்றியது 2019ல்.

நிறுவுதல்

கோண்டா-ஃபோர்ஜ் வழியாக நிறுவுங்கள். பிப் வழியாகவும் வரும், ஆனால் விண்டோஸில் சி++ கம்பைலர் இல்லையென்றால் வேகமான சைத்தான் முறையை விட்டுவிட்டு மெதுவான நம்பை முறையில் ஓட ஆரம்பித்துவிடும். திரையில் ஒரே ஒரு எச்சரிக்கை வரி வரும், அதை யாரும் படிப்பதில்லை. பத்து நியூரானுக்கு வித்தியாசம் தெரியாது. ஆயிரக்கணக்கில் போனால் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற வேலை ராத்திரி முழுக்க இழுக்கும். கம்பைலரைப் போட்ட பிறகு முதல் ஓட்டம் மெதுவாக இருந்தால் பயப்பட வேண்டாம். கோடு கம்பைல் ஆகிறது, அடுத்த முறை சேமித்து வைத்ததை எடுத்துக்கொள்ளும்.

ஏன் ஒட்டுறவுக்கு இத்தனை அக்கறை

நியூரானை ஓட்டைக் குடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுகிற தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், விளிம்பைத் தொட்டால் ஸ்பைக். சோதனைக்கு இந்த அளவுகளை எடுக்கலாம்: ஓய்வு நிலை -70 மில்லிவோல்ட், ஸ்பைக் வரும் வரம்பு -50, ஸ்பைக் முடிந்ததும் மறுபடி -70, கசியும் காலம் 20 மில்லிசெகண்ட், ஸ்பைக்குக்குப் பின் ஓய்வு 2 மில்லிசெகண்ட். 1000 உள்ளீடுகள், ஒவ்வொன்றும் 5 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்பைக் வந்தால் 0.15 மில்லிவோல்ட் ஏற்றம்.

சராசரி ஏற்றம் 1000 × 5 × 0.15 × 0.02 = 15 மில்லிவோல்ட். அதாவது சவ்வின் மின்னழுத்தம் -55ல் நிற்கும், வரம்புக்கு இன்னும் 5 பாக்கி. உள்ளீடுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்தால், வரம்பு இல்லை என்று வைத்துக் கணக்கிடும் சவ்வின் திட்ட விலக்கம் 1.06 மில்லிவோல்ட்தான். 5 மில்லிவோல்ட் என்பது 4.7 திட்ட விலக்கத் தூரம். நியூரான் கிட்டத்தட்ட ஊமை.

இப்போது எந்த இரண்டு உள்ளீட்டை எடுத்தாலும் அவற்றின் ஒட்டுறவு 0.01 என்று வைப்போம். இரண்டை மட்டும் தனியாக வரைந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அளவு அது. ஆனால் மொத்தத்தின் விலக்க வர்க்கச் சராசரி (வேரியன்ஸ்) 1 + 999 × 0.01 மடங்கு, அதாவது சுமார் 11 மடங்கு ஆகிவிடும். திட்ட விலக்கம் 3.5 மில்லிவோல்ட். அதே 5 மில்லிவோல்ட் இப்போது 1.4 திட்ட விலக்கத் தூரத்தில் இருக்கிறது, ஊமை பேச ஆரம்பிக்கிறது. வருகிற ஸ்பைக்குகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறவில்லை.

காட்பாடி ஜங்ஷன் வாசலில் நிற்கிற ஆட்டோக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியும். நாள் முழுக்க ஒவ்வொருவராக வந்தால் நான்கு ஆட்டோ போதும். அதே ஆட்கள் ரயிலுக்கு ரயில் கும்பலாக இறங்கினால் ஸ்டாண்டு நிரம்பி வழியும், அடுத்த ரயில் வரும்வரை ஈ ஓட்ட வேண்டியதுதான்.

0.01 என்பது கற்பனை எண்ணும் இல்லை. குரங்கின் பார்வைப் புறணியில், அசைவைக் கவனிக்கும் எம்டி பகுதி நியூரான் ஜோடிகளில் சராசரியாக 0.12 என்று 1994ல் ஜோஹாரி, ஷாட்லன், நியூசம் மூவரும் அளந்தார்கள். முதன்மைப் பார்வைப் புறணியில் 0.01 அளவுதான் என்று 2010ல் எக்கர் குழு சொன்னது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் உங்கள் சோதனை ஓட வேண்டும். 0.5, 0.8 என்று போட்டு வரைந்த படங்களைப் பார்க்கிறோம். படம் பளிச்சென்று இருக்கும், மூளைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏற்றத்தை 0.15க்குப் பதில் 0.25 மில்லிவோல்ட் ஆக்கினால் சராசரியே 25 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். அது சிறு துளி பெருவெள்ளம் வகை. ஒட்டுறவு இல்லாமலே சுமார் 29 ஹெர்ட்ஸில் அடிக்கும். அங்கே ஒட்டுறவைக் கூட்டினால் ஸ்பைக்குகளின் இடைவெளி கலையுமே தவிர வேகம் பெரிதாக நகராது. ஒட்டுறவுக்கு ஒரு பலனும் இல்லை என்று முடிவு எழுதும் புராஜெக்டுகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்று பார்த்தவைதான். சராசரி வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கிற கதை அங்கேதான் வேலை செய்யும்.

பிரையன் தரும் உள்ளீடுகள், அவற்றின் பொறி

பாய்சான் என்றால் சராசரி வேகம் மட்டும் நிலையாக இருந்து, ஸ்பைக்குகள் தற்செயலாக விழும் வரிசை. பாய்சான்இன்புட் என்பது எல்லோரும் முதலில் எடுக்கும் வகுப்பு. எத்தனை உள்ளீடு, என்ன வேகம், எவ்வளவு எடை, மூன்றைச் சொன்னால் போதும். வேகமானது, நினைவகம் தின்னாது. ஆனால் அது ஒவ்வொரு நியூரானுக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கும். உள்ளீடுகளுக்குள்ளும் ஒட்டுறவு இல்லை, பக்கத்து நியூரானோடு பொதுவாகவும் எதுவும் இல்லை. தனித்தனி ஸ்பைக்கைப் பதிவு செய்யவும் முடியாது. ஒட்டுறவுச் சோதனையில் இதை ஒப்பீட்டு ஓட்டத்துக்கு மட்டும் வையுங்கள்.

பாய்சான்குரூப் எடுத்து சினாப்ஸ் என்ற இணைப்பு வழியாக 0.1 நிகழ்தகவில் இணைத்தால் கதை வேறு. எந்த இரண்டு நியூரானும் தங்கள் உள்ளீட்டில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருக்கும். உள்ளீடுகள் தங்களுக்குள் சுதந்திரமானவை, ஆனால் அவற்றை வாங்குகிற இரண்டு நியூரான்களின் மின்னோட்டத்தில் ஒட்டுறவு 0.1. இந்த இரண்டு வகை ஒட்டுறவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் நாம் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. உள்ளீடுகளுக்குள் இருக்கும் ஒட்டுறவு ஒரு நியூரானின் வேகத்தை மாற்றும், பொது உள்ளீட்டால் வரும் ஒட்டுறவு இரண்டு நியூரான்களைச் சேர்ந்து துடிக்க வைக்கும்.

பாய்சான்குரூப்பில் இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு காலப் படியிலும் ஒரு சீட்டுக் குலுக்கி, வந்தால் ஸ்பைக், வராவிட்டால் இல்லை என்பதுதான் அதன் வேலை. ஒரு படிக்கு ஒரு ஸ்பைக்குக்கு மேல் தராது. இயல்பான படி 0.1 மில்லிசெகண்ட். 5 ஹெர்ட்ஸுக்கு இது பொருட்டே இல்லை. 5000 ஹெர்ட்ஸ் கேட்டால் ஒவ்வொரு படியிலும் வாய்ப்பு 0.5 ஆகிவிடும். சராசரி சரியாக வரும், விலக்க வர்க்கச் சராசரி மட்டும் பாய்சானில் பாதியாகச் சுருங்கிவிடும். ஏற்ற இறக்கத்தை அளக்கவே வந்த சோதனைக்கு இது நேரடி அடி.

தாய் வரிசையிலிருந்து நகல் எடுப்பது

முதல் பதிப்பில் ஒட்டுறவுள்ள ஸ்பைக் வரிசைக்குத் தயார் வகுப்புகள் இருந்தன. இரண்டாம் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள், நாமேதான் சமைக்க வேண்டும். 5க்கு 2 என்றதற்கு இதுதான் காரணம்.

எளிய செய்முறை தாய்–சேய் முறை. 5 ஹெர்ட்ஸ் சேய்கள், ஒட்டுறவு 0.01 வேண்டும் என்றால் தாயின் வேகம் 5 ÷ 0.01 = 500 ஹெர்ட்ஸ். தாயின் ஒவ்வொரு ஸ்பைக்கையும் ஒவ்வொரு சேயும் 0.01 வாய்ப்பில் நகல் எடுக்கும். சேயின் வேகம் 5, எந்த இரு சேய்க்கும் ஒட்டுறவு சரியாக 0.01. 1000 சேய் இருந்தால் தாயின் ஒரு ஸ்பைக்குக்குச் சராசரியாக 10 பேர் சேர்ந்து வருவார்கள்.

100 செகண்டுக்கு நம்பையில் தயாரித்தால் தாயில் 50,000 ஸ்பைக். 50,000 × 1000 அணியை ஒரே வீச்சில் சீட்டுக் குலுக்கினால் 400 எம்பி ராம் போகும். சேய்க்கு ஒன்றாக லூப் போட்டால் ஒரு நேரத்தில் 0.4 எம்பி போதும், நேரமும் அதிகம் ஆகாது. கிடைத்ததை ஸ்பைக்ஜெனரேட்டர்குரூப்பில் கொடுக்கும்போது ஒரு பிழை நிச்சயம் வரும்: ஒரே படிக்குள் ஒரே எண்ணுள்ள நியூரான் இரண்டு முறை ஸ்பைக் செய்ய முடியாது என்று நின்றுவிடும். மொத்தம் 5 லட்சம் ஸ்பைக்கில் இப்படி ஒரே 0.1 மில்லிசெகண்டில் விழும் இரட்டை சுமார் 125 இருக்கும். நேரத்தைப் படி எண்ணாக மாற்றி, இரட்டைகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள். 5 லட்சத்தில் 125 போனால் ஒன்றும் கெடாது. படியைச் சிறிதாக்கித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், நேரம் பத்து மடங்கு ஆகியும் சில இரட்டைகள் மிஞ்சும்.

வரிசையே தயாரிக்காமல் பிரையனுக்குள்ளேயும் செய்யலாம். தாயாக ஒரே ஒரு பாய்சான் நியூரான், நடுவில் 1000 அஞ்சல் நியூரான்கள், சினாப்ஸில் சீட்டுக் குலுக்கி 0.01க்குக் கீழே வந்தால் மட்டும் அஞ்சல் நியூரானைத் தட்டிவிடுவது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனிச் சீட்டு விழுகிறது, கச்சிதமான வழி. ஆனால் ஒட்டுறவு 0.001 வேண்டுமென்றால் தாய் 5000 ஹெர்ட்ஸ் ஆக வேண்டும். மேலே சொன்ன படிக்கு ஒன்று என்ற பிரச்சினை அங்கே வந்து நிற்கும்.

நகல்கள் எல்லாம் ஒரே கணத்தில் விழுவது இயற்கை இல்லை. ஒவ்வொரு நகலையும் தனித்தனியாகக் கொஞ்சம் பிந்த வைக்க வேண்டும். சராசரி பிந்தல் எவ்வளவு என்பதுதான் பலனை நிர்ணயிக்கிறது. பிந்தலை அடுக்குக்குறிப் (எக்ஸ்பொனென்ஷியல்) பரவலில் எடுத்தால், ஒட்டுறவால் வந்த உபரிப் பங்கு 20 ÷ (20 + பிந்தல்) என்ற விகிதத்தில் சுருங்கும். இதிலுள்ள 20 சவ்வின் கசியும் காலம். பிந்தல் 5 மில்லிசெகண்ட் என்றால் திட்ட விலக்கம் 3.5லிருந்து 3.2 ஆகும், 20 என்றால் 2.6, 80 என்றால் 1.8. நீண்ட ஜன்னலில் எண்ணிப் பார்த்தால் மூன்றிலும் ஒட்டுறவு அதே 0.01 என்றே காட்டும். எனவே 0.01 என்ற எண்ணை மட்டும் எழுதி, கால அளவை எழுதாத அறிக்கைக்குப் பொருளே இல்லை.

பிந்தலுக்காக சினாப்ஸின் டிலேயை (தாமதத்தை) சீட்டுக் குலுக்கி வைப்பது குறுக்கு வழி போலத் தெரியும். டிலே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரே முறைதான் நிர்ணயமாகும், ஸ்பைக்குக்கு ஸ்பைக் மாறாது. மொத்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய சரியாக வந்தாலும், ஜோடிகளின் குறுக்கு ஒட்டுறவுப் படத்தில் அகன்ற மேட்டுக்குப் பதில் எங்கோ தள்ளி ஓர் ஊசி நிற்கும்.

ஒரே 0.01, இரண்டு உலகம்

ஜோடி ஒட்டுறவு ஒன்றைச் சொன்னால் போதாது என்பதை 2003ல் குன், ஏர்ட்சன், ரோட்டர் மூவரும் காட்டினார்கள். தாய்–சேய் முறையில் வினாடிக்கு 500 முறை பத்துப் பத்துப் பேராக வருகிறார்கள். இன்னொரு முறையில், எல்லோரும் பெரும்பாலும் தனியாகவே வந்து, எப்போதாவது ஒருமுறை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வருவார்கள். 5 ஹெர்ட்ஸில் 0.01 ஒட்டுறவுக்கு அந்தக் கூட்டு வருகை வினாடிக்கு 0.05, அதாவது 20 செகண்டுக்கு ஒரு முறை. ஜோடி ஜோடியாக அளந்தால் இரண்டிலும் அதே 0.01. ஆனால் முதல் முறையில் நியூரான் விடாமல் பேசும். இரண்டாவதில் 20 செகண்டுக்கு ஒரு முறை 150 மில்லிவோல்ட் ஒரே கணத்தில் கொட்டி, வரம்புக்கு வேண்டியது போக மிச்சமெல்லாம் வீண்.

இந்த வீண்தான் தாய்–சேய் முறையிலும் மேடு ஒன்றை உண்டாக்குகிறது. ஒட்டுறவைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று எதிர்பார்ப்பார்கள். 0.15 வரும்போது தாய் 33 ஹெர்ட்ஸ், ஒரு முறைக்கு 150 பேர், 22.5 மில்லிவோல்ட். கிட்டத்தட்ட ஒவ்வொரு தாய் ஸ்பைக்கும் ஒரு ஸ்பைக்கைத் தந்துவிடும். அதற்கு மேல் கூட்டினால் கூட்டம் பெரிதாகும், வருகை குறையும்: 0.5ல் தாய் 10 ஹெர்ட்ஸ், நியூரானும் சுமார் 10. 1ல் வெறும் 5. உங்கள் படத்தில் இந்த இறக்கம் வரவில்லை என்றால் நிரலில் எங்கோ தவறு இருக்கிறது. ஒட்டுறவு உள்ளீட்டைச் சரிபார்க்க இதைவிட மலிவான சோதனை கிடையாது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

தூண்டலும் தடுப்பும்

தூண்டும் உள்ளீடு 800, தடுக்கும் உள்ளீடு 200 என்று வைத்து, தடுப்பின் எடையை 0.15க்குப் பதில் -0.6 ஆக்கினால் சராசரி சரிக்குச் சரி அடிபட்டுப்போகும். அதனால் சவ்வு ஓய்வு நிலைக்கே இறங்கிவிடும், நிலையான மின்னோட்டம் கொடுத்துப் பழையபடி -55க்கு ஏற்றி வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனித் தாய் கொடுத்தால் இரண்டு பக்க ஏற்ற இறக்கமும் கூடும், வேகம் ஏறும். இரண்டையும் ஒரே தாயோடு இணைத்தால் ஒவ்வொரு முறையும் சராசரியாக 8 தூண்டல் 1.2 மில்லிவோல்ட் ஏற்ற, 2 தடுப்பு அதே 1.2 இறக்கும், ஒட்டுறவின் பலன் பெரும்பாலும் கரைந்துவிடும். 2000ல் சலினாஸும் செய்னோவ்ஸ்கியும் எழுதியதன் சாரம் இதுதான்: தூண்டல்கள் தமக்குள்ளும் தடுப்புகள் தமக்குள்ளும் சேர்ந்தால் கூடும், தூண்டலும் தடுப்பும் தங்களுக்குள் சேர்ந்தால் குறையும். பிரையனில் தடுப்பு சினாப்ஸுக்கு மட்டும் 3 மில்லிசெகண்ட் டிலே கொடுத்துப் பாருங்கள். அந்த 3 மில்லிசெகண்ட் ஜன்னலில் தூண்டல் தப்பித்து மேலே ஏறும், வேகம் திரும்ப வரும். புராஜெக்டுக்கு ஒரு நல்ல படம் அதிலேயே கிடைக்கும்.

பொது மின்னோட்டம்

ஸ்பைக் வேண்டாம், இரண்டு நியூரானுக்கு இரைச்சல் மின்னோட்டம் மட்டும் போதும் என்றால் இன்னும் எளிது. சமன்பாட்டில் சை என்று எழுதும் இரைச்சல் நியூரானுக்கு நியூரான் தனி. பொதுப் பங்கு வேண்டுமானால் ஒரே ஒரு நியூரான் கொண்ட தனிக் குழுவில் அதை ஓட்டி, இன்னொரு குழுவின் மதிப்பை எடுத்துத் தரும் லிங்க்டு மாறி வழியாக இணைக்க வேண்டும். எடைகளில் வர்க்கமூலம் கட்டாயம். பொதுப் பங்கு 0.2 என்றால் பொது இரைச்சலுக்கு 0.2ன் வர்க்கமூலம், சொந்த இரைச்சலுக்கு 0.8ன் வர்க்கமூலம். வர்க்கமூலம் மறந்து 0.2, 0.8 என்றே எழுதினால் மொத்த விலக்க வர்க்கச் சராசரி 0.68 ஆகக் குறைந்து, ஒட்டுறவு 0.06தான் வரும். எளிதில் நேரும் பிழை இது.

இந்த அமைப்பில் இன்னொரு எச்சரிக்கை 2007லேயே டி லா ரோச்சாவும் உடன் எழுதியவர்களும் கொடுத்தது. உள்ளே போகும் ஒட்டுறவை மாற்றாமல் சராசரி மின்னோட்டத்தை மட்டும் ஏற்றினாலே வெளியே வரும் ஸ்பைக்குகளின் ஒட்டுறவு கூடும். நியூரானின் வேகம் கூடினால் ஒட்டுறவும் கூடும். எனவே இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது வேகத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் ஒட்டுறவைப் பேச வேண்டும்.

நெட்வொர்க்குக்குப் போகும்போது

புருனெல் 2000ல் வகுத்த நெட்வொர்க்கைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள்: 10,000 தூண்டல், 2500 தடுப்பு, 10 சதவீத இணைப்பு, எடை 0.1 மில்லிவோல்ட், டிலே 1.5 மில்லிசெகண்ட். சினாப்ஸ் 1.56 கோடி. ஒவ்வொரு சினாப்ஸுக்கும் தனி எடை மாறி வைத்தால் இரு முனை எண்களோடு சேர்த்துக் குறைந்தது 250 எம்பி. எடையை நிலை எண்ணாக எழுதினால் அதில் பாதி மிச்சம். டிலேயையும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே எண்ணாகக் கொடுங்கள்.

லேப்டாப் திணறுகிறது என்று பத்தில் ஒன்றாகச் சுருக்குவதில்தான் பெரிய குழி. 1000 தூண்டல் நியூரான் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பழையபடி 1000 உள்ளீடு வேண்டும் என்று விட்டால், எல்லோரும் எல்லோரிடமிருந்தும் வாங்குகிறார்கள். பொது உள்ளீடு 10 சதவீதத்திலிருந்து 100 ஆகிவிட்டது. 10 சதவீத இணைப்பையே வைத்து எடையை 10ன் வர்க்கமூலம் மடங்கு ஏற்றி, வெளி மின்னோட்டத்தால் சராசரியைச் சரிக்கட்டினால் வேகம் ஒத்துப்போகலாம், ஒட்டுறவு ஒத்துப்போகாது. சிறிய நெட்வொர்க்கில் அது கூடுதலாகவே இருக்கும். சுருக்கிய நெட்வொர்க்கில் அளந்த ஒட்டுறவைப் பெரிய நெட்வொர்க்கின் ஒட்டுறவாக எழுதக் கூடாது.

முழு அளவில் ஓட்டினால் வேறொரு வியப்பு. பத்து சதவீதம் பொது உள்ளீடு இருந்தும் நியூரான்களுக்குள் ஒட்டுறவு கிட்டத்தட்ட சுழிக்கு இறங்குகிறது. தூண்டல் ஏறினால் தடுப்பு உடனே துரத்திப் பிடித்து அமுக்குகிறது. 2010ல் ரெனார்ட் குழு இதை விளக்கியது. கண்ணால் பார்க்க வேண்டுமா? நெட்வொர்க்குக்குள் சுற்றும் தடுப்பை வெட்டி, அதே வேகத்தில் வெளியிலிருந்து பாய்சான் தடுப்பைக் கொடுங்கள். சராசரி அதேதான், ஆனால் துரத்திப் பிடிக்க ஆளில்லை, ஒட்டுறவு மேலே வந்துவிடும். பிரையனில் இது நான்கைந்து வரி மாற்றம். இந்த மென்பொருளைப் பரிந்துரைக்க இந்த ஒரு சோதனை போதும்.

அளப்பது

முதல் 500 மில்லிசெகண்டைத் தூக்கிப் போடுங்கள். எல்லா நியூரானும் ஒரே மின்னழுத்தத்தில் தொடங்கினால் ஆரம்பத்தில் எல்லாம் சேர்ந்து துடிக்கும், அது பொய் ஒட்டுறவு. நேரத்தை 1 மில்லிசெகண்ட் கட்டங்களாக வெட்டி எண்ணினால் பிந்தி வரும் ஜோடிகள் தவறிப்போய் மதிப்பு குறையும். 50 மில்லிசெகண்ட் கட்டம் நல்ல தொடக்கம். 100 செகண்டு ஓட்டினால் 2000 கட்டம், ஒரு ஜோடிக்கான தற்செயல் பிழை சுமார் 0.022. 0.01ஐ ஒரே ஜோடியில் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான். 200 நியூரானை எடுத்தால் 19,900 ஜோடி, அவற்றின் சராசரியைப் பாருங்கள்.

எல்லா நியூரானின் மின்னழுத்தத்தையும் பதிவு செய்யாதீர்கள். 1000 நியூரான், 100 செகண்டு, 0.1 மில்லிசெகண்ட் படி என்றால் 8 ஜிபி. லேப்டாப் அங்கேயே உறைந்துவிடும். ஸ்பைக் மட்டும் பதிந்தால் 5 லட்சம் ஸ்பைக்குக்கு சுமார் 6 எம்பி. மின்னழுத்தம் வேண்டுமானால் ஐந்து நியூரானுக்கு வையுங்கள்.

மே மாத வேலூர் வெயிலில் ஃபேன் மட்டும் சுற்றும் அறையில் லேப்டாப் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீண்ட ஓட்டங்களை ராத்திரிக்கு வையுங்கள். கரண்ட் போவதை நினைத்து 10 செகண்டுத் துண்டுகளாக ஓட்டி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் ஸ்டோர் கட்டளையால் கோப்பில் சேமியுங்கள். முழுவதையும் சி++ ஆக மாற்றி ஓட்டும் ஸ்டாண்டலோன் முறை வேகமானது, ஆனால் அதில் ஸ்டோர் வேலை செய்யாது. எது முக்கியம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நெஸ்ட் எடுக்கலாமா

பெரிய நெட்வொர்க், பல கோர் உள்ள லினக்ஸ் மெஷின் இருந்தால் நெஸ்ட் என்ற இன்னொரு சிமுலேட்டரை எடுக்கலாம். தாய்–சேய் முறை அதில் எம்ஐபி ஜெனரேட்டர் என்று தயாராகவே இருக்கிறது. தாயின் வேகத்தையும் நகல் வாய்ப்பையும் கொடுத்தால் போதும், ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு சேய் போகும். விண்டோஸில் நேரடியாக ஓடாது. புதிய நியூரான் சமன்பாடு எழுதுவதும் பிரையன் அளவுக்கு எளிதில்லை. பொறி அங்கேயும் உண்டு: அதன் பாய்சான் ஜெனரேட்டர் ஒன்றை இரண்டு நியூரானோடு இணைத்தால் இரண்டுக்கும் ஒரே வரிசை போகிறது என்று நினைப்போம், ஆனால் தனித்தனி வரிசைதான் போகும். ஒரே வரிசை இரண்டுக்கும் போக வேண்டுமென்றால் நடுவில் கிளி நியூரான் ஒன்றை வைக்க வேண்டும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதால் அதற்கு அந்தப் பெயர்.